கொலைகாரனுக்கு ஏன் அந்த முகம்?

மர்மப் படங்களைப் பற்றி நமது முற்போக்கு விமர்சகர்கள் எழுதுவது மிகக் குறைவு. எழுதுவோரும், அவை நசிவுக் கலை, வணிகச் சரக்கு, மக்களின் சிந்தனையை மழுங்கடிப்பவை என்று இரண்டு வசனங்களில் தீர்ப்பு வழங்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். அத்தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நாம் தீர்ப்பளித்து ஒதுக்கிய படங்களையே நம் மாணவர் பார்க்கின்றனர். நாம் விதந்துரைத்த நூல்களையோ பரீட்சைக்கு முதல் நாள்தான் புரட்டுகின்றனர். முன்னர் ஒரு தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமாயின் வெள்ளவத்தை சவோய்க்கோ வேறெந்தக் கொட்டகைக்கோ போய்ச் சீட்டு வாங்க வேண்டும். இன்று கொச்சிக்கடைத் தொடர்மாடியொன்றில், மூவர் படுக்கும் அறையின் மூலையிலிருந்து, கைத்தொலைபேசியில் ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்த்துவிடலாம். பத்துத் தடவை பார்க்கப்பட்ட படம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதையோ கற்பித்திருக்கிறது. எதைக் கற்பித்தது என்று விசாரிப்பது ஆசிரியருக்கும் விமர்சகருக்கும் பொதுவான கடமையாகும்.

மர்மப் படத்தின் உயிர், குற்றவாளியை ஒளித்து வைப்பதில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் நம்மைப் பலர்மீது ஐயுறச் செய்து, இறுதியில் ஒருவரைச் சுட்டிக் காட்டுகிறது படம். ஆகவே ஏனைய படங்கள் அழவும் சிரிக்கவும் பழக்குகின்றன என்றால், மர்மப் படம் ஐயுறப் பழக்குகிறது எனலாம். யாரைக் கண்டால் அச்சம் கொள்ள வேண்டும், யாருடைய சொல்லை நம்பக்கூடாது, எந்த முகத்தின் பின்னால் கத்தி இருக்கும் என்றெல்லாம் அது வாய்திறந்து சொல்வதில்லை, காட்டிவிடுகிறது. சொன்னதை மறுக்கலாம். காட்டியது கண்ணிற் படிந்துவிடும்.

நமது மாணவரிடையே மிகுந்த செல்வாக்குப் பெற்ற 'ராட்சசன்' என்னும் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ராம்குமார் இயக்கி 2018 ஒக்டோபரில் வெளிவந்தது இது. அடுத்த ஆண்டிலேயே தெலுங்கிலும், 2022 இல் இந்தியிலும் மீளப் படமாக்கப்பட்டது. பாடசாலை மாணவியர் ஒருவர் பின் ஒருவராகக் கடத்திக் கொல்லப்படுகின்றனர். சினிமா இயக்குநராக விரும்பி, அது கைகூடாமற் பொலிஸிற் சேர்ந்த இளைஞன் துப்புத் துலக்குகிறான். தொழில்நுட்பத்தில் குறை காண்பது அரிது. கத்தரிப்பும் இசையும் கதை நகர்வும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பார்ப்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கவும் விரும்பார். இத்தகைய திறமை வாய்ந்த படமாதலினாலேயே இதனை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டியிருக்கிறது. திறமையற்ற படத்தின் பொய்யை எவரும் நம்புவதில்லை.

கொலைகாரன் யார்? பாடசாலைகளுக்கு வந்து மாயவித்தை காட்டும் வயது முதிர்ந்த பெண்ணாக நாம் காணும் ஒருவர். உண்மையில் அவர் ஓர் ஆண். தாயின் வேடம் புனைந்தவர். இளமையிலேயே முதுமை வந்து மூடிக்கொள்ளும் அரிய நோய்க்கு ஆளானவர். சிறுவயதில் வகுப்பறையில் ஒதுக்கப்பட்டு, ஒரு மாணவியிடம் தன் அன்பைத் தெரிவித்து, மறுக்கப்பட்டு, நகைப்புக்கு ஆளாகி, அதன் வழியே கொலைஞரானவர். நோய், முதுமை, பெண்ணுடை தரித்த ஆண் ஆகிய மூன்றையும் ஒரே உடலில் ஏற்றி, அவ்வுடலுக்கு அரக்கன் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் சமுதாயம் எவற்றைக் கண்டு முகஞ்சுளிக்குமோ அவற்றையெல்லாம் ஒரு பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டு ஒரு மனிதனைச் செய்தாற்போல இருக்கிறது.

இந்நோய் கற்பனையன்று. பிள்ளைப் பருவத்திலேயே முதுமைக் குறிகளைத் தோற்றுவிக்கும் புரோஜீரியா என்னும் நோயொன்று உண்டு. அதற்கு ஆளான பிள்ளைகளிற் பெரும்பாலோர் பதின்ம வயதிலேயே இருதய நோயால் இறந்துவிடுகின்றனர். பருவமடைந்த பின்னர் தோன்றும் மற்றொரு வகையும் உண்டு. ஒட்டோ வேர்னர் என்ற ஜேர்மன் மருத்துவர் 1904 இல் அதனை விவரித்தார். இருபது வயதளவில் நரை, முப்பதளவில் கண்புரை, பின்னர் நீரிழிவு, ஐம்பதைச் சூழ்ந்த வயதிற் புற்றுநோயாலோ இருதய நோயாலோ மரணம் என்பது அதன் போக்கு. இவ்விரண்டினுள் எதுவும் ஒருவரைக் கொடியவராக்குவதில்லை. எலும்பும் தசையும் தேய்ந்து துன்புறும் உடல்களை இவை உண்டாக்குகின்றன. படத்திலோ அவ்வுடல் வளர்ந்த மாணவியரைத் தூக்கிச் செல்கிறது. நாயகனோடு மற்போர் புரிகிறது. நோயாளியின் முகம் மட்டும் படத்துக்குத் தேவைப்பட்டது, நோய் தேவைப்படவில்லை.

இதனினும் பாரதூரமான ஒன்று படத்தின் நடுவிலே கிடக்கிறது. பெரும்பாலான விமர்சனங்கள் அதனைத் தாண்டிச் சென்றுவிட்டன. மாணவியரைத் தனிமையில் அச்சுறுத்திப் பாலியற் கொடுமை புரியும் ஆசிரியன் ஒருவன் இப்படத்தில் வருகிறான். அவனுக்கு நோயில்லை, ஊனமில்லை, வேடமில்லை. கையிற் புத்தகமும் வாயில் அதட்டலுமாக, நாம் நாள்தோறும் காணக்கூடிய ஒருவன். அவனைக் காணும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. கொலைகாரன் இவன்தான் என்று நாம் முடிவு கட்டுகிறோம். அவ்வேளையிலே படம், இல்லை, இவன் வேறு, அரக்கன் வேறு என்று கூறி, அவனைக் கதையிலிருந்து அகற்றிவிட்டு மாயவித்தைக்காரியைத் தேடிச் செல்கிறது. மெய்யான கொடியவன் பொய்த் தடயமாகி விட்டான்! பாடசாலைகளிலும் வீடுகளிலும் பிள்ளைகளைத் தின்னும் தீமையை நேர்நின்று கண்ட ஓர் இயக்குநர், அதனைத் திருப்பமொன்றுக்குப் பயன்படுத்திவிட்டு, எங்குமே இல்லாத ஒரு பூதத்தின் பின்னே நம்மை ஓட வைத்துவிட்டார்.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதன்று. இந்தியத் தேசியக் குற்றப் பதிவகத்தின் ஆண்டறிக்கைகளை எடுத்து நோக்கினால், பாலியல் வல்லுறவு வழக்குகளிலே 90 வீதத்துக்கும் மேற்பட்டவற்றிற் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவராக இருப்பதைக் காணலாம். உறவினர், அயலவர், முதலாளி, நண்பர். இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எவரைப் பற்றி அழைத்துச் சொல்வது என்ற கேள்வி எழும்போதுதான் நா எழுவதில்லை.

சென்ற ஆண்டு பத்தாந்தர வகுப்பொன்றில், 'நான் அஞ்சும் ஒரு மனிதர்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் செய்தேன். மொழிப்பயிற்சிக்காகக் கொடுத்த தலைப்பு அது. வேறு நோக்கம் இருக்கவில்லை. வந்த கட்டுரைகளிலே ஒற்றைக் கண்ணன் இருந்தான். காலை இழுத்து நடப்பவன் இருந்தான். தனக்குள் பேசிக்கொண்டு ஜம்பட்டா வீதியில் அலையும் பெண் இருந்தாள். கூன் விழுந்த கிழவியர் பலர் இருந்தனர். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலருகே கையேந்தி அமர்ந்திருப்போர் முழுப் பேரும் இருந்தனர் என்றே சொல்லலாம். ஒரு மாணவி மட்டும், 'அவர் பார்ப்பதற்கு நல்லவராகவே இருப்பார்' என்று தொடங்கியிருந்தாள். பின்னர் அந்த வசனத்தை இரண்டு கோடிட்டு வெட்டிவிட்டு, மற்றவர்களைப் போலவே ஒரு கிழவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதன் பின்னர் நடந்தவை இங்கு எழுதுவதற்குரியனவல்ல. அவள் வெட்டிய வசனத்துக்கு மேலே ஒரு கதை எழுத அவளுக்கு மாதிரி கிடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். கிழவனுக்கு மாதிரிகள் நிரம்பக் கிடைத்திருந்தன.

சினிமாதான் இவ்வெண்ணத்தைப் படைத்தது என்று கூறுவது அறியாமை. கூனியின் சூழ்ச்சியாற் காடேகிய இராமனின் கதையை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். முற்பிறப்பின் வினையே ஊனமாக வந்துறுகிறது என்ற நம்பிக்கை நமது வீடுகளில் இன்றும் மெல்லிய குரலிற் பேசப்படுகிறது. உடலில் உள்ள கோணல் உள்ளத்தின் கோணலுக்கு அடையாளம் என்பது நிலவுடைமைக் காலத்து அறவியல். வறுமையும் நோயும் ஒருவனுடைய சொந்தக் குற்றம் என்றால் ஆள்வோர்க்குப் பொறுப்பில்லை அல்லவா? அந்தப் பழைய சரக்கைப் புதிய உறையிலிட்டு விற்றது மேனாட்டுச் சினிமா. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' 1960 இல் வெளிவந்தது. இறந்த தாயின் உடையணிந்து கொலை செய்யும் இளைஞனை அது உலகெங்கும் பரப்பியது. 'ராட்சச'னின் தாய்வேடம் அந்த வழியில் வந்தது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் வணிகப் படங்களில் இதன் மிகக் கொடிய வடிவத்தை ஷங்கரின் 'ஐ' (2015) என்ற படத்திற் காணலாம். அழகும் உடற்கட்டும் வாய்ந்த நாயகனுக்கு நஞ்சேற்றி அவனைக் கூனனாக்கி விடுகின்றனர் பகைவர். அவனும் அவர்களைக் கொல்லாமல், ஒவ்வொருவர் உடலையும் உருக்குலைத்து உயிரோடு விட்டுவிடுகிறான். உருக்குலைந்து வாழ்வது சாவினும் இழிந்த தண்டனை என்பதே இக்கதையின் அடிப்படை. பிறவியிலேயே அவ்வாறான உடலோடு கொட்டகையில் அமர்ந்திருக்கும் ஒருவர் இதனை எவ்வாறு பார்ப்பார் என்று படமெடுத்தவர்கள் ஒரு கணமும் நினைக்கவில்லை. அப்படத்தில் வரும் திருநங்கைப் பாத்திரத்தின் இழிவுச் சித்திரிப்பைக் கண்டித்துச் சென்னையிலே திருநங்கையர் குரலெழுப்பினர். 2000 இல் வெளிவந்த 'அப்பு'விலும் விலைமாதர் விடுதி நடத்தும் கொடியவர் ஒரு திருநங்கையாகவே காட்டப்பட்டார். ஓர் ஆண் நடிகருக்கு அவ்வேடம் புகழைத் தந்தது.

ஊனமுற்றோரைக் கொடியோராகக் காட்டாதவிடத்து, பச்சைக் குழந்தைகளாகக் காட்டுவது மற்றொரு வழக்கம். பாரதிராஜா 1977 இல் '16 வயதினிலே' படத்திற் கமலகாசனைச் சப்பாணியாக்கினார். அடுத்த ஆண்டே 'சிகப்பு ரோஜாக்க'ளில் அதே நடிகரை அழகிய கொலைகாரனாக்கினார். கொலைகாரனுக்கு அழகிய முகத்தைக் கொடுத்தது பெரிய மாற்றம் என்று நாம் மகிழ்வதற்குள், வேறொரு பொறி வந்து நிற்கிறது. அவன் ஏன் கொல்கிறான்? பெண்கள் 'கெட்டவர்களாக' இருப்பதனால். அவனை வளர்த்தவனுடைய மனைவி பிறனொருவனை நாடியவள். அங்கிருந்து தொடங்குகிறது கொலை. தானாக ஆசையை வெளிப்படுத்தும் பெண்கள் மடிகின்றனர். கற்புள்ளவளாகிய நாயகி பிழைக்கிறாள். பிழைத்தவளுக்குக் கிடைக்கும் பரிசு, சிறையிற் சித்தங் கலங்கிக் கிடக்கும் கொலைகாரக் கணவனுக்காகக் காத்திருப்பது! மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) ஒளிப்பதிவிலும் நிதானத்திலும் இதனினும் உயர்ந்த படைப்பு. அங்கும் கொலைகாரனின் கை நீள்வது விலைமாதரை நோக்கியே. தாயைத் துன்புறுத்திய தந்தையின் மீதன்றி, தந்தை நாடிச் சென்ற பெண்களின் மீதே மகனுடைய சினம் பாய்கிறது. அச்சினத்தை விளங்கிக்கொள்ளுமாறு படம் நம்மைக் கேட்கிறது. செத்தவர்களை விளங்கிக்கொள்ள ஒரு காட்சியும் இல்லை.

இந்தப் பொறியின் மூலத்தைக் காண 1964 க்குச் செல்ல வேண்டும். தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'யை மறந்தவர் நம் பெற்றோரில் எவரும் இலர். இதன் மூலம் 1958 இல் வெளிவந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷடோ' என்னும் ஆங்கிலப் படம். அதிலே குற்றத்தை மறைத்து வாழ்பவள் ஒரு பெண். வங்காளத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது குற்றவாளி ஆணாகிவிட்டான். அவனை நடித்தவர் சிவாஜி கணேசன். ஆண் குற்றவாளியானதும் என்ன நேர்ந்தது? குற்றம் கரைந்து போயிற்று. கொல்லப்பட்ட மனைவி சித்ரா குடிக்கிறாள், மேடையிற் பாடுகிறாள், கணவனின் சொல்லைப் பொருட்படுத்தாது இரவிற் பிந்தி வருகிறாள். கணவன் ஓங்கி ஓர் அறை விடுகிறான். பலவீனமான இருதயமுள்ள அவள் இறந்து போகிறாள். அவன் உடலை ரயில் பாதையிற் கிடத்தி விபத்தாக்குகிறான். இதனை ஒரு பொலிஸ் அறிக்கையாக எழுதினால் வாசிப்பவர் உள்ளம் அந்தப் பெண்ணுக்காகவே பதறும். படத்திலோ நாம் கணவனுக்காக அழுகிறோம். சௌகார் ஜானகி அப்பாத்திரத்துக்கு அளித்த உயிர்ப்புக்கூட, அவள் சாகத் தகுந்தவளே என்ற முடிவுக்குத் துணைபோகுமாறு காட்சிகள் அடுக்கப்பட்டுள்ளன. உண்மையை வெளிக்கொணர வந்த பெண் பொலிஸ் அதிகாரியாகிய சரோஜாதேவியும், இறுதியில் அவனை மெய்யாகவே காதலித்ததாகக் கண்ணீர் வடிக்கிறாள். அரசாங்கத்தின் கையே கொலைகாரனைத் தழுவிக்கொண்ட பின்னர், செத்தவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இருதய நோய் என்ற நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். அறைந்தது குற்றமன்று, அவளது உடல் வலுவற்றிருந்ததே காரணம் என்று ஆகிவிடுகிறது. பெண்ணின் நோய் ஆணின் சாட்சியாக வந்து நிற்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1954 ஏப்ரலில், வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வெளிவந்தது. பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. பாடல் எங்கே என்று பார்வையாளர் கோபித்தனர் என்றும், படம் ஓடவில்லை என்றும் திரைப்பட வரலாறு கூறும். 1943 இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டி, வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனை நடித்தவரும் சிவாஜி கணேசனே. இளமையும் அறிவும் கவர்ச்சியும் பொருந்திய முகம். நாம் பலர்மீதும் ஐயுற்று வருகையில், கொலையுண்ட அம்மனிதனே நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது தெரிகிறது. அவனது துரோகத்தைத் தடுக்க முனைந்த மனைவியின் கைத்துப்பாக்கியே வெடித்தது. பண்டரிபாய் நடித்த அப்பெண்ணுக்குக் கணவனுக்கு மேலாக ஒரு கொள்கை இருக்கிறது. அழகிய முகமுடையவன் கொடியவனாதலும், மனைவி தன் புத்தியால் ஒரு முடிவுக்கு வருதலும் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மர்மப் படத்துக்கு இயன்றன. பத்தே ஆண்டுகளில் 'புதிய பறவை' அந்தக் கதவை மூடிவிட்டது. கொட்டகை நிறைந்தது இரண்டாவது படத்துக்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்தில் ஊனமுற்றோரை நாயகராக்கும் மர்மப் படங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. இது வரவேற்கத்தக்கது. மிஷ்கினின் 'சைக்கோ' (2020) படத்திலே துப்புத் துலக்குவோர் விழிப்புலனற்ற இசைக்கலைஞன் ஒருவனும், கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுச் சக்கர நாற்காலியில் வாழும் முன்னாட் பொலிஸ் அதிகாரி ஒருத்தியும் ஆவர். நித்யா மேனன் நடித்த அவ்வதிகாரி எரிந்து விழுகிறாள், திட்டுகிறாள், அலுத்துக்கொள்கிறாள், அனுதாபத்தை வேண்டவில்லை. தமிழ்த் திரையில் ஊனமுற்ற பெண்ணொருத்திக்கு இவ்வளவு கோபம் அனுமதிக்கப்பட்டதே புதுமைதான். விழிப்புலனற்றவனுக்கு மோப்பமும் செவியும் மாய ஆற்றலாக வழங்கப்பட்டிருப்பது பழைய மூடநம்பிக்கையின் எச்சம். கொலைகாரனுக்கு அங்குலிமாலன் என்று பெயர். நம் நாட்டிலே கருவுற்ற தாய்மாருக்காக பௌத்தர் ஓதும் அங்குலிமால பிரித்தின் கதையை அறிந்தவர்க்கு அப்பெயரின் கருத்து விளங்கும்: கொலைஞனும் கருணைக்குரியவன். கருணையை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கருணையைக் காட்டும் பொறுப்பு கடத்தப்பட்ட பெண்ணின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. தலையற்று வீதியில் எறியப்பட்ட ஏனைய பெண்களுக்கு அங்கு இடமேயில்லை.

கொரியப் படமொன்றைத் தழுவி 2021 இல் வந்த 'நெற்றிக்கண்' கலை நிலையிற் சாதாரணமானது. எனினும் அதன் மையத்திலே மெய்யான கேள்வியொன்று இருக்கிறது: விழிப்புலனற்ற பெண்ணின் சாட்சியத்தைப் பொலிஸார் நம்புவார்களா? அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய உயர்நீதிமன்றம், அங்கு உச்ச நீதிமன்றம் என வழங்கப்படுவது, ஆந்திர மாநில வழக்கொன்றில் இக்கேள்விக்கு விடையளித்தது. பிறவியிலேயே பார்வையற்ற, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தன்னை வல்லுறவுக்கு உட்படுத்தியவனைக் குரலைக் கொண்டு அடையாளங் காட்டினாள். அவன் அவளுடைய சகோதரருக்கு அறிமுகமானவன். வீட்டுக்கு வந்து போனவன். ஊனத்தைக் காரணங் காட்டி ஒருவர் சாட்சியத்தைத் தாழ்வாகக் கருதலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. எந்த மர்மப் படத்தினும் உயர்ந்த கதை இது. 1931 இல் ஜேர்மனியிலே பிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்திலும் சிறுமியரைக் கொல்பவனை இனங்காண்பவர் பார்வையற்ற பலூன் வியாபாரியே. கொலைஞன் சீழ்க்கையடிக்கும் இராகத்தை அவர் மறக்கவில்லை. அக்கொலைஞனோ எந்த அங்கச் சிறப்பும் இல்லாத, தெருவில் எதிர்ப்பட்டால் மறந்துவிடக்கூடிய மனிதன்.

தோற்றத்தைக் கண்டு ஐயுறுவதன் விலையைப் பற்றி நமக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் வாழ்ந்த தமிழர், பெயருக்காகவும் நெற்றிப் பொட்டுக்காகவும் பேச்சுச் சாயலுக்காகவும் சோதனைச் சாவடிகளிற் பல ஆண்டுகள் இறக்கி நிறுத்தப்பட்டவர்கள். 2019 ஏப்ரல் 21 அன்று அந்தோனியார் கோயிலுக்குட் குண்டு சுமந்து சென்றவனை எவரும் தடுக்கவில்லை. அவன் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதன் பின்னர், சோதனைச் சாவடிகளில் நின்ற நாமே, உடையையும் முகத்திரையையும் பார்த்து அயலவரை ஐயுறத் தொடங்கினோம். அன்று உறுப்பிழந்தவர்களும் பார்வை குன்றியவர்களும் இன்று நமது தெருக்களில் நடக்கின்றனர். அவர்களைப் பார்த்துத்தான் நமது பிள்ளைகள் படங்களிற் கற்ற பெயர்களைச் சொல்லி நகைக்கின்றன.

இங்குத் தணிக்கை வேண்டும் என்பது என் கருத்தன்று. சட்டங்கள் இருக்கின்றன. ஊனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புக்கென 1996 இல் இங்கு 28 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் எட்டாம் உறுப்புரை, ஊடகங்களின் சித்திரிப்பைப் பற்றியும் பேசுகிறது. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் திரைப்படங்களில் ஊனமுற்றோரைச் சித்திரிக்கும் முறை பற்றி நெறிகளையும் வகுத்தது. நல்லவைதாம். ஆனால் எந்தச் சட்டமும், 'ராட்சசன்' பார்க்கும் பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்காது.

இறுதியாக ஒரு படத்தைப் பற்றிக் கூறியாக வேண்டும். கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய 'கார்கி' 2022 ஜூலையில் வெளியாயிற்று. சாய் பல்லவி ஓர் ஆசிரியையாக நடிக்கிறார். அவளது தந்தை தொடர்மாடிக் குடியிருப்பொன்றின் காவலாளி; வயது முதிர்ந்தவர், வறியவர், மென்குரலர். அக்குடியிருப்பிலே சிறுமியொருத்தி பலரால் வல்லுறவுக்கு உள்ளாக, நால்வரோடு ஐந்தாம் எதிரியாகத் தந்தையும் கைதாகிறார். மகள் அவரை மீட்கப் போராடுகிறாள். நாமும் அவளோடு சேர்ந்து போராடுகிறோம். ஊரும் பொலிஸும் பத்திரிகையும் ஓர் ஏழைக் கிழவர்மீது பாய்கின்றன என்று பொருமுகிறோம். நம் முற்போக்கு உள்ளம் முழுவதும் அவர் பக்கம் நிற்கிறது. இறுதியிலே அவர் குற்றவாளிதான் என்று தெரிகிறது. அதற்கான சான்றை எடுத்துக் கொடுப்பவளும் மகளே.

ஆர். எஸ். சிவாஜி என்ற அந்த நடிகர், நகைச்சுவை வேடங்களிற் பல்லாண்டு நம்மைச் சிரிக்க வைத்தவர். 2023 இல் மறைந்தார். அவரைத் தெரிவு செய்ததிலேயே இயக்குநரின் கூர்மை தெரிகிறது. முதியவர் என்றால் ஒன்றில் பூதம், அல்லது புனிதர் என்ற இரண்டு பெட்டிகளுள் எதிலும் அவர் அடங்கவில்லை. அன்பான தந்தையாகவும் இருந்தார், அதனையும் செய்தார். படம் அவ்விரண்டையும் ஒன்றால் மற்றொன்றைத் துடைக்காமல் அருகருகே வைக்கிறது. அவளுக்காக வாதாடும் சட்டத்தரணி திக்கிப் பேசுபவர். காளி வெங்கட் நடித்த அவரைக் கண்டு முதலில் மன்றத்திலுள்ளோர் சிரிக்கின்றனர். கொட்டகையிலும் சிரிப்பு எழுந்ததாகக் கேள்வி. அவரது திக்கல் கதை முடிவில் மாயமாக நீங்கிவிடவில்லை. திக்கியபடியே சட்டத்தைப் பேசி அவர் வழக்கை நடத்துகிறார். நீதிபதியாக அமர்ந்திருப்பவர் ஒரு திருநங்கை. அவ்வேடத்தை ஏற்றவரும் சுதா என்ற திருநங்கையே. அவரது தகுதியை இழிவாகச் சுட்டும் பேச்சொன்று மன்றத்தில் எழும்போது, இவ்வழக்கைக் கேட்கத் தம்மினும் பொருத்தமானவர் யார் என்னும் கருத்துப்பட அவர் அமைதியாக விடை கூறுகிறார். இது ஏதோ கற்பனை என்று எண்ண வேண்டா; மேற்கு வங்காளத்திலே 2017 இல் திருநங்கை ஒருவர் மக்கள் நீதிமன்றத்தில் நீதி வழங்க அமர்ந்தார்.

குறைகளும் உண்டு. ஏனைய நான்கு எதிரிகளும் முகமற்ற நிழல்களாகவே நிற்கின்றனர். பாதிக்கப்பட்ட சிறுமியின் குடும்பத்துக்குப் படம் போதிய நேரம் ஒதுக்கவில்லை. 'ராட்சச'னின் ஓட்டம் இதற்கில்லை. என் மாணவர் சிலர் இதனை 'இழுவை' என்றனர்.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்த வாரங்களிற் பார்த்து வருமாறு மேல்வகுப்பு மாணவர் சிலரிடம் கூறினேன். ஒரே வினாதான் கொடுத்தேன்: எந்த இடத்தில் முதன்முதலாக ஒருவர்மீது ஐயங் கொண்டீர்கள், எதைக் கண்டு? முதற்படத்துக்கு வந்த விடைகளிற் பெரும்பாலானவை முகத்தைப் பற்றியவை. கண், தோல், கைவிரல், குரல். இரண்டாவது படத்துக்கான விடைகள் எழுதி முடிக்கப்படவில்லை. இரண்டு மாணவர் வீட்டிற் பெரியவர்களோடு அமர்ந்து பார்த்ததாகவும், இறுதிக் காட்சியில் எவரும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனதாகவும் சொன்னார்கள். வேறு பாடசாலைகளிலுள்ள ஆசிரிய நண்பர்களும் இவ்வினாவைக் கொடுத்துப் பார்த்து, கிடைத்த விடைகளை இச்சஞ்சிகைக்கு எழுதினால் நன்று. விடைகளோடு மாணவரின் பெயர்களை அனுப்ப வேண்டா.